செவ்வாய்க்கு என்ன தோஷம்?

செவ்வாய் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஜாதகக் கட்டம். அண்ணாமலை நகரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பட்டம் பெற்றவர், எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர். மூன்று ஆண்டுகளாக அவருக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் ஜாதகத்தைப் பார்த்ததும், "பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு நாள் அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "நீங்கள்தான் அறிவியல் மன்றத்தில் இருக்கிறீர்களே! அந்தச் செவ்வாயில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்களேன்" என்றார். அவர் சிரித்தார்; எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நால்வர் விசாரிக்கப் புறப்பட்டோம். எங்கள் அறிவியல் சிஸ்டர் வழிகாட்டினார். நாங்கள் கண்டறிந்தது இதுதான்: செவ்வாயால் இந்த மண்ணுலகில் எந்தப் பெண்ணுக்கும் தோஷம் இல்லை. ஆனால் செவ்வாய்க்கே ஒரு தோஷம் உண்டு. அந்தத் தோஷத்தைப் பற்றியும், அக்கிரகத்தைச் சுற்றியுள்ள வெளியில் நம் நாட்டு விஞ்ஞானிகள் 2022-ஆம் ஆண்டு கண்டு சொன்ன விந்தையான அலைகளைப் பற்றியும் தோழியர்க்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத குடை

திண்மம், நீர்மம், வளிமம் எனப் பொருள்களுக்கு மூன்று நிலைகள் உண்டு என்று சிறு வகுப்பிலேயே படித்தோம். நான்காவது நிலை ஒன்றும் உண்டு. ஒரு வளிமத்தை மிகமிகச் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஓடிவிடும். எலக்ட்ரானை இழந்த அணு நேர்மின்னூட்டம் பெற்று அயனியாகிறது. இவ்வாறு எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே திரியும் கூட்டத்துக்குப் பிளாஸ்மா என்று பெயர். ஐப்பசி மழையில் வெட்டும் மின்னல் பிளாஸ்மா. குழல்விளக்கினுள் ஒளிர்வது பிளாஸ்மா. சூரியன் முழுவதுமே பிளாஸ்மா.

சூரியனிலிருந்து இந்தப் பிளாஸ்மா எல்லாத் திசைகளிலும் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கிறது. இதைச் சூரியக் காற்று என்கிறார்கள். இதன் வேகம் சாதாரணமாக விநாடிக்கு 400 கிலோமீட்டர். சிதம்பரத்தில் ரயில் ஏறிச் சென்னை போய்ச் சேர நமக்குப் பல மணி நேரம் ஆகிறது. சூரியக் காற்றோ அந்தத் தூரத்தை ஒரு விநாடிக்குள் கடந்துவிடும்!

இத்தகைய காற்று நம் மேல் நேராக வீசாமல் காப்பது எது? பூமியின் காந்தப் புலம்தான். பூமியின் உள்ளே, சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, உருகிய இரும்பு சுழன்றோடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் மின்னோட்டத்தை உண்டாக்க, மின்னோட்டம் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. நாம் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும் காந்த ஊசியை வடக்கு நோக்கித் திருப்பும் அதே புலம், வானத்தில் சூரியன் இருக்கும் பக்கமாக அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் பரவி நின்று சூரியக் காற்றை விலக்கிவிடுகிறது. நாம் அறியாமலே நமக்கு மேல் ஒரு குடை விரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கு அந்தக் குடை இல்லை. இதுவே அதன் தோஷம்.

ஒரு காலத்தில் அதற்கும் குடை இருந்தது. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது மறைந்துவிட்டது. பழைய காந்தத்தின் எச்சம் பாறைகளில் மட்டும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருப்பதை 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் என்னும் அமெரிக்க விண்கலம் கண்டறிந்தது. கிழிந்த குடையின் துண்டுகள் போல அவை இருக்கின்றன. முழுக் குடை இல்லாததால் சூரியக் காற்று செவ்வாயின் மேல்வளியை நேராகவே வந்து உரசுகிறது. அந்த மேல்வளியில் மின்னோட்டங்கள் தோன்றி ஒரு மெல்லிய காந்தப் போர்வையைத் தற்காலிகமாக உண்டாக்கிக் கொள்கின்றன. ஆனால் போர்வை குடையாகுமா?

இதை ஆராயவென்றே மாவென் என்னும் அமெரிக்க விண்கலம் 2014 செப்டம்பர் 22 அன்று செவ்வாயை அடைந்தது. இரண்டே நாட்கள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, நம் பாரதத்தின் மங்கள்யானும் அங்கே போய்ச் சேர்ந்தது. சூரியக் காற்று செவ்வாயின் வளியை விநாடிக்குச் சுமார் 100 கிராம் வீதம் வாரிக்கொண்டு போகிறது என்பதை மாவென் அளந்து சொன்னது. நூறு கிராம் என்றால் கடையில் வாங்கும் ஒரு சிறு பொட்டலம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளில் அது எட்டு டன்னுக்கு மேல் வருகிறது! கோடி கோடி நாட்கள் இப்படிப் போனால் என்ன மிஞ்சும்? இன்று செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு காலத்தில் ஆறுகள் ஓடிய தடங்கள் மட்டும் வறண்டு கிடக்கின்றன.

வாய்க்காலில் ஓடிய அலை

இனி அலைகளுக்கு வருவோம். அலை என்றதும் கடலூர் மாவட்டத்தார்க்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கும். நாங்கள் சொல்லப்போகும் அலை அதுவன்று. இது யாருக்கும் தீங்கு செய்யாத, தன்னந்தனியான அலை.

குளத்தில் கல்லை எறிந்தால் வளையம் வளையமாகப் பல அலைகள் கிளம்பும். சிறிது தூரம் போவதற்குள் அவை பரந்து, தளர்ந்து, மறைந்துவிடும். ஆனால் 1834-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து நாட்டில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்னும் பொறியாளர் வேறு விதமான அலை ஒன்றைக் கண்டார். எடின்பரோ நகருக்கு அருகே ஒரு வாய்க்காலில் இரண்டு குதிரைகள் ஒரு படகை இழுத்துச் சென்றன. படகு சட்டென்று நின்றது. ஆனால் அதன் முன் திரண்டிருந்த தண்ணீர் நிற்கவில்லை. ஒரே ஒரு மேடாக உருண்டு திரண்டு, வாய்க்காலில் முன்னோக்கி ஓடத் தொடங்கியது. ரஸ்ஸல் தம் குதிரையைத் தட்டிவிட்டு அதன் பின்னே போனார். சுமார் முப்பதடி நீளமும், ஓரடி முதல் ஒன்றரையடி வரை உயரமும் கொண்ட அந்த மேடு, மணிக்கு எட்டு அல்லது ஒன்பது மைல் வேகத்தில் உருமாறாமல் ஓடியது. ஒன்றிரண்டு மைல் தூரம் தொடர்ந்த பிறகே வாய்க்காலின் வளைவுகளில் அது அவர் கண்ணுக்கு மறைந்தது.

இதைப் படித்ததும் எங்களுக்கு நாமும் செய்து பார்க்கலாமே என்று ஆசை வந்தது. எங்களுள் ஒருத்தியின் வீட்டாருக்குச் சிதம்பரத்துக்கு வெளியே வயல் இருக்கிறது. சனிக்கிழமை காலை நால்வரும் அங்கே போனோம். மடை அடைத்திருந்ததால் வாய்க்காலில் தண்ணீர் அசையாமல் முழங்கால் அளவுக்குக் குறைவாக நின்றது. வாய்க்காலின் அகலத்துக்கு ஒரு பலகையைப் பிடித்து, ஒரே ஒரு தடவை முன்னே தள்ளிவிட்டு நிறுத்தினோம். முதல் இரண்டு முறை வெறும் சலசலப்புத்தான் ஏற்பட்டது. மூன்றாவது முறை, ஒரு விரற்கடை உயரத்தில் வழவழப்பான ஒரே மேடு கிளம்பி நேராகப் போயிற்று! நாங்கள் வரப்பின் மேல் அதனோடு ஓடினோம். ஒருத்தி சேற்றில் வழுக்கி விழுந்தாள். அலை மட்டும் விழாமல் மடை வரை போய்ச் சேர்ந்தது.

அது ஏன் கலையவில்லை? சிஸ்டர் விளக்கினார். ஓர் அலையில் இரண்டு போக்குகள் உண்டு. ஆழம் குறைந்த நீரில் உயரமான பகுதி தாழ்ந்த பகுதியை விட வேகமாக ஓடப் பார்க்கும். அதனால் அலையின் முகம் செங்குத்தாகிக்கொண்டே போகும், கடைசியில் உடைந்துவிடும். இது ஒரு போக்கு. மற்றொன்று, அலை தன் பகுதிகளைப் பரப்பிக்கொண்டு அகன்று தளர்ந்துவிடும் போக்கு. முதலாவது போக்கு அலையைக் குறுக்குகிறது, இரண்டாவது விரிக்கிறது. இரண்டும் சரிசமமாக நின்றால் அலை குறுகவும் முடியாது, விரியவும் முடியாது. உள்ளது உள்ளபடியே ஓடும். இதுதான் தனித்த அலை.

ரஸ்ஸல் சொன்னதை அவர் காலத்து அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1895-இல் கோர்ட்டவெக், டி விரீஸ் என்னும் இரு டச்சுக்காரர்கள் இதற்குச் சமன்பாடு எழுதினார்கள். 1965-இல் சபுஸ்கி, குருஸ்கல் என்னும் இருவர் கணிப்பொறியில் இச்சமன்பாட்டை ஆராய்ந்தபோது, இத்தகைய அலைகள் இரண்டு மோதிக்கொண்டாலும் ஒன்றையொன்று கடந்து பழைய உருவத்தோடே வெளிவருவதைக் கண்டு, அவற்றுக்குச் சாலிட்டான் என்று பெயரிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் இத்துறை வளர்ந்திருக்கிறது. காந்தப் பொருள்களிலும் சாலிட்டான் உண்டு என்பதைப் பேராசிரியர் எம். லட்சுமணன் 1977-இல் கணித வழியே காட்டினார். பின்னர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அவர் இத்துறைக்கென ஒரு மையத்தையே வளர்த்தார்.

நம் ஊரின் பங்கு

வாய்க்காலிலிருந்து வானத்துக்குப் போகுமுன் நம் ஊரிலேயே சிறிது நிற்க வேண்டும். விண்வெளியின் காந்தத்தை அளக்கும் வேலைக்கு அண்ணாமலை நகர் புதிதன்று.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் ஒன்றுசேர்ந்து சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டைக் கொண்டாடின. அதையொட்டி நம் நாட்டில் தொடங்கப்பட்ட காந்த நிலையங்கள் இரண்டு. ஒன்று திருவனந்தபுரத்தில், மற்றொன்று நமது அண்ணாமலை நகரில்! பகல் நேரத்தில் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், ஒரு வலிய மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. திருவனந்தபுரம் அதன் நடுப்பகுதிக்கு அருகிலும், நம் ஊர் அதன் ஓரத்திலும் அமைந்திருந்தன. இரண்டு இடங்களிலும் அளந்தால்தானே அந்த மின்னாற்றின் அகலமும் வலிமையும் தெரியும்?

அக்காலக் காந்த நிலையங்களில் மெல்லிய இழையில் ஒரு சிறு காந்தத்தைத் தொங்கவிட்டு, அதில் ஒரு கண்ணாடித் துண்டைப் பொருத்தியிருப்பார்கள். இருட்டறையில் ஓர் ஒளிக்கற்றை அக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மெதுவாகச் சுழலும் உருளையின் மேல் சுற்றிய படத்தாளில் கோடாக விழும். பூமியின் காந்தம் சிறிது அசைந்தாலும் கோடு அசையும். எங்களுள் ஒருத்தியின் தாத்தா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். "சாவிக்கொத்தையும் இரும்புப் பேனாக்கத்தியையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் அம்மா. இரும்பு கிட்டே வந்தால் காந்தம் ஏமாந்துவிடும்" என்று அவர் சொன்னார். அந்த நிலையம் இப்போது இங்கே இல்லை. ஆனால் பல ஆண்டுகள் அது நாள்தோறும் எழுதிய கோடுகளை விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இத்தகைய காந்த நிலையங்களை நடத்திவரும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1971-இல் தன்னாட்சி பெற்றது. அதன் வேர் 1841-இல் பம்பாய் கொலாபாவில் தொடங்கிய வானிலைக் காந்தக் கூடத்தில் இருக்கிறது. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், அதன் மின்னோட்டம் அளவைக் கெடுத்துவிடுமே என்று காந்தக் கருவிகளை 1904-இல் அலிபாகுக்கு மாற்றினார்களாம். இன்று நிறுவனத்தின் தலைமையிடம் நவி மும்பையில் உள்ளது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணபுரத்திலும் அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. செவ்வாயின் தனித்த அலைகளைக் கண்டவர்கள் இந்நிறுவனத்தாரே.

ஒரே நாளில் 450 அலைகள்

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது பாலத்துத் தூணைப் பாருங்கள். தண்ணீர் தூணுக்கு முன்னே தடைப்பட்டு, பொங்கி, இரு பக்கமும் பிரிந்து சுழித்துக்கொண்டு போகும். சூரியக் காற்றும் அப்படித்தான். செவ்வாயின் மெல்லிய போர்வைக்கு முன்னே தடைப்பட்டு, வேகம் தணிந்து, சூடேறி, கொந்தளித்துக்கொண்டு சுற்றிப் போகிறது. இந்தக் கொந்தளிப்பான பகுதியில்தான் நம் அலைகள் இருந்தன.

மாவென் விண்கலத்தில் மின்புலத்தை மிக நுட்பமாகப் பதியும் கருவி ஒன்று உண்டு. 2015 பிப்ரவரி 9 அன்று அது செவ்வாயை ஐந்து முறை சுற்றியபோது பதிந்த பதிவுகளை நம் விஞ்ஞானிகள் எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஒரு நாள் பதிவில் 450 தனித்த துடிப்புகளை எண்ணினார்கள். அவை தரையிலிருந்து 1000 முதல் 3500 கிலோமீட்டர் உயரத்தில், பெரும்பாலும் அங்கு விடியற்காலையும் பிற்பகல் முதல் அந்தி வரையும் ஆன பக்கங்களில் காணப்பட்டன. 2022-இல் வெளியான இந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பாரதி காக்கட் என்னும் பெண் விஞ்ஞானி. செவ்வாயின் காந்தச் சூழலில் தனித்த அலைகளுக்கு முதல் சான்று இதுவே.

ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடித்தது தெரியுமா? 0.2 முதல் 1.7 மில்லிவிநாடி. ஒரு மில்லிவிநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஓடிவிடும். அதன் வலிமையோ மீட்டருக்கு 1 முதல் 25 மில்லிவோல்ட் வரைதான். டார்ச் விளக்கில் போடும் ஒரு பாட்டரியே 1500 மில்லிவோல்ட்!

வாய்க்காலில் தண்ணீர் மேடானது. பிளாஸ்மாவில் எது மேடாகிறது? அயனிகள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடும்போது அங்கே நேர்மின் மிகுந்து, மின்னழுத்தம் மேடு போல உயர்கிறது. இலேசான எலக்ட்ரான்கள் அதை நோக்கி விரைகின்றன. ஆனாலும் மேட்டை முழுவதும் நிரப்பிவிடுவதில்லை. காற்றில் ஒலி பரவுவது போலப் பிளாஸ்மாவில் இந்த அயனி நெருக்கம் பரவுகிறது. இங்கும் குறுக்கும் போக்கும் விரிக்கும் போக்கும் சமமானால் மேடு கலையாமல் ஓடுகிறது. அயனிகளும் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று கடந்து பாய்வதால் இத்தகைய அலைகள் பிறக்கின்றன என்பதைக் கணிப்பொறியில் செய்து பார்த்து ஆய்வாளர்கள் அறிந்தார்கள்.

விண்கலம் இந்த மேட்டைக் கடக்கும்போது என்ன பதியும்? சைக்கிளில் பாலம் ஏறி இறங்குவதை எண்ணிப் பார்க்கலாம். ஏறும்போது சரிவு நம்மைப் பின்னே தள்ளும். இறங்கும்போது முன்னே தள்ளும். அதேபோல் மின்புலம் முதலில் ஒரு பக்கமும் உடனே மறுபக்கமும் காட்டும். பதிவுத் தாளில் ஒரு முகடு, ஒரு பள்ளம், அவ்வளவுதான். பூமியைச் சுற்றிய வெளியிலும் இத்தகைய தனித்த மின் அலைகளை ஜப்பானின் ஜியோடெய்ல் முதலிய விண்கலங்கள் முன்பே கண்டிருக்கின்றன.

இவ்வளவு சிறிய அலையால் என்ன ஆகும் என்று எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இந்த அலைகள் வழியில் உள்ள துகள்களைத் தள்ளி, அவற்றுக்கு ஆற்றல் கொடுக்க வல்லவை. குடையில்லாத செவ்வாயில், மேல்வளியின் அயனிகள் விண்ணுக்குத் தப்பிப் போவதில் இவற்றுக்கும் பங்கு உண்டா என்பதே ஆய்வாளர் முன் நின்ற அடுத்த கேள்வி. "உண்டு" என்று அவர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடவில்லை. மேலும் ஆராய வேண்டும் என்றார்கள். அந்தப் பொறுமை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பார்க்காமலே, அளக்காமலே ஒரு கிரகத்தின் மேல் பழி சொல்வது எளிது. ஒரு நாள் பதிவை எடுத்து 450 துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் கடினம்.

கட்டுரையை எழுதி முடித்ததும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினோம். அக்காவின் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செவ்வாயை ஆராய்ந்தது ஒரு பெண்ணா?" என்று கேட்டார். "ஆமாம் அத்தை" என்றோம். "அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மீண்டும் முறத்தை எடுத்தார்.

அக்கா வாசல் வரை வந்தார். "பள்ளி ஆண்டு மலர் வெளிவந்ததும் எனக்கு இரண்டு பிரதி கொடுங்கள். ஒன்று எனக்கு. மற்றொன்று அடுத்த முறை ஜாதகம் கேட்டு வருகிறவர்களுக்கு" என்றார்.

இரண்டு பிரதிகளைத் தனியே எடுத்து வைக்கும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம்.